பேசத் தெரியாத கிளிகள்

அத்தியாயம் ஏழு

சைகோனில் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. கவர்னரிலிருந்து ரிக்‌ஷா இழுப்பவன் வரை எல்லோரும் தூங்கும் நேரம் அது. லூசியேன் அந்த நேரத்தில்தான் எட்டாவது கதவைத் தட்டினாள்.

அவளுக்கு வேறு நேரம் இல்லை. நான்கு மணிக்குப் போலீஸ் கொமிசேர், அபுல் ஹசனின் வழக்குக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். போட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். ஆறு மாதம் சிறை, பிறகு நேராகக் காரைக்காலுக்குக் கப்பல். கிளி விற்கிற அபுல் ஹசன், தான் விற்ற கிளிகளுக்குத் தானே விஷம் வைத்தான், செத்ததற்குப் பதில் இன்னொன்று விற்பதற்காக வைத்தான் என்பது புகார். ஐந்து வாரத்தில் பதினோரு கிளிகள், எல்லாம் தமிழர் வீடுகளில். சென்ற வருஷம் ஐரோப்பாவில் கிளிக் காய்ச்சல் வந்து மனிதர்களே செத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதியதிலிருந்து, செத்த கிளி என்றாலே போலீஸும் ஓடி வந்தது.

லூசியேனை இதில் இறக்கிவிட்டவள் அபுல் ஹசனின் அக்கா ஷரீஃபுன்னிசா. 'என் தம்பி ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டான்' என்று மட்டும் சொன்னாள். எல்லா அக்காமார்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் லூசியேன் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. புதுச்சேரிக்காரி, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். போலீஸில் வேலை பார்த்த அவள் கணவனின் வழக்குகளை அவள்தான் வீட்டிலிருந்தபடி முடித்துக் கொடுத்தாள் என்பது ஊரறிந்த ரகசியம். கணவன் போனபிறகும் வழக்குகள் வருவது நிற்கவில்லை. இல்லை என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை.

"இன்னும் கொஞ்சம் பலமாத் தட்டுங்க மதாம்," என்றார் பின்னால் நின்ற பக்கீர் மைதீன். "தூக்கத்துல எழுப்பினா மனுஷன் உண்மையைச் சொல்லுவான். இல்லாட்டி அடிப்பான்."

மைதீன் குதிரைவண்டிக்காரர். அந்தப் பெட்டி வண்டிக்கு இந்த ஊரில் 'மலபார்' என்று பெயர். தமிழர்களையெல்லாம் மலபார் என்கிற வெள்ளைக்காரர்கள், ஓட்டுகிறவர்களைப் பார்த்து வைத்தது. காரைக்காலில் பிறந்த மைதீன் மலபார் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

கதவைத் திறந்தது மார்செல், நீதிமன்றத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளர். முதல் புகார் அவருடையது.

"இது மனுஷர் வர்ற நேரமா, மதாம்?"

"மன்னிக்கணும் முசே மார்செல். ரெண்டு கேள்வி."

"எல்லாம் புகார்லயே எழுதியிருக்கேன். நாலு பக்கம்."

"ரெண்டு கிளிக்கு நாலு பக்கமா," என்றார் மைதீன். "எங்க வாப்பா மவுத்தானப்ப தந்தியில நாலு வார்த்தைதான் வந்துச்சு."

முன் தாழ்வாரத்தில் தொங்கிய கூண்டிலிருந்து ஒரு வயதான கிளி, "பொன்ழூர், முசே," என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னது.

"பொன்ழூர். நீயாவது உக்காரச் சொல்லு," என்றார் மைதீன்.

"இதுக்கு ஒன்னும் ஆகலையா?" என்று லூசியேன் கேட்டாள்.

"இது புதுச்சேரியிலேர்ந்து எங்ககூடக் கப்பல்ல வந்தது. செத்தது ரெண்டும் அந்தப் பையன்கிட்ட வாங்கினது. விஷமும் அவன் குடுத்த தினையிலதான் இருந்திருக்கணும்."

"இந்தக் கிளிக்கு என்ன போடுறீங்க?"

மார்செல் சற்று யோசித்தார். நாளெல்லாம் மற்றவர் பதில்களை மொழிபெயர்க்கிற மனிதருக்குத் தன்னுடைய பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்று உடனே தெரிந்துவிட்டது.

"அதே மூட்டைதான்," என்றார். "ஆனா அதை நீதிபதி பார்த்துக்குவார்."

செத்த கிளிகளின் கூண்டுகள் வீட்டின் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்கு மேலே இருந்தன. ஏன் இங்கே என்று லூசியேன் கேட்டாள்.

"பேச வராத கிளியை முன்னால மாட்டி என்ன பண்றது? விருந்தாளி வந்தா கீச்சுகீச்சுனு மானத்தை வாங்கும். பேச்சு வந்ததும் முன்னால கொண்டுபோகலாம்னு வச்சிருந்தோம்."

லூசியேன் காலிக் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில் அவளுக்குப் பிரெஞ்சு பேச வராது. விருந்தாளிகள் வந்த நாட்களில் மாமியார் அவளைச் சமையலறையில் இருக்கச் சொன்னாள். இரண்டு வருஷம். யாரும் கோபமாகச் சொன்னதில்லை. அது வீட்டு ஒழுங்கு, அவ்வளவுதான்.

கூண்டின் தரையில் காய்ந்த கொய்யாத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். ஒரு பக்கம் அலகு கொத்திய குழி. இன்னொரு பக்கம் கத்தி போன நேர்க்கோடு. அந்தக் கோடு குழியின் நடுவில் போயிருந்தது.

"கொய்யா போடுவீங்களா?"

"என் மனைவி எதையாவது போடுவா. அவ தூங்குறா," என்று மார்செல் கதவைச் சாத்தினார்.

வண்டியில் ஏறியதும் லூசியேன் கேட்டாள்: "மைதீன், நறுக்கின பழத்தைக் கிளி கொத்தும். சரி. கிளி கொத்தின பழத்தை யாராவது நறுக்குவாங்களா?"

"நான் நறுக்க மாட்டேன். அப்படியே தின்னுடுவேன்."

"முதல்ல கிளி கொத்தியிருக்கு. அப்புறம்தான் கத்தி பட்டிருக்கு. யாரோ அதைப் பங்கு போட்டிருக்காங்க."

"கிளி எச்சியைப் பங்கு போடுற அளவுக்கு இந்த ஊர்ல பஞ்சமா வந்துருச்சு?"

அவள் துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். முந்தின நாள் கால்நடை மருத்துவர் சொன்னதை யோசித்துக்கொண்டிருந்தாள். செத்த கிளியின் இரைப்பையில் அவருக்குத் தெரிந்த விஷம் எதுவும் இல்லை. ஈரலில் வெளுத்த புள்ளிகள் மட்டும். நுண்ணோக்கியில் தெரியாத, பீங்கான் வடிகட்டியிலும் நிற்காமல் ஒழுகிப் போகிற நோய்க் கிருமிகள் உண்டு. அவர் அதற்கு 'வீருஸ்' என்று ஒரு பெயர் சொன்னார். ஒரு நோயும் இல்லாத பறவையின் உடம்பில் அது வருஷக்கணக்கில் குடியிருக்கவும் கூடும். 'இருக்கலாம், கூடும் என்பதற்கு மேல் நான் எழுதித் தர மாட்டேன், மதாம். எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.'

எட்டு வீடுகளில் கேட்டாயிற்று. எட்டு வீட்டிலும் ஆளுக்கொரு கதை. ஒன்றிலும் பிடி கிடைக்கவில்லை.

ஒன்பதாவது, ஓயியே தெருவில் செட்டியார்கள் கடையும் படுக்கையுமாக இருக்கும் கிட்டங்கி. நீளமான கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வரிசையாகத் தூங்கினார்கள். கிட்டங்கியின் சாமி காரியங்களைப் பார்க்கும் அடைக்கப்பன் மட்டும் விழித்திருந்தார்.

"வாங்கம்மா. மெதுவாப் பேசுங்க, எல்லாரும் கண்ணசந்திருக்காக."

முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளி, "முருகா," என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும், "முருகா."

"இதுக்கு ஒன்னும் இல்லை," என்றார் அடைக்கப்பன். "சமையக்கட்டுப் பக்கம் இருந்ததுதான் போயிருச்சு. ராத்திரி நல்லாத் தின்னுச்சு, காலைல கெடக்கு. ரெண்டுக்கும் ஒரே தீனிதான்."

"பின்னால இருந்தது பேசுமா?"

"எங்க பேசுச்சு? அஞ்சு மாசம் வச்சிருந்தேன். ஒரு எழுத்து வரலை."

மைதீன் முருகா கிளியைப் பார்த்துச் சலாம் வைத்தார். "இதோட ஒன்பது வீடு மதாம். வாயுள்ள கிளி ஒன்னுகூடச் சாகலை. நான் நூறு வயசு இருப்பேன்."

வேடிக்கைக்காகச் சொன்னது. லூசியேன் திரும்பி அவரையே பார்த்தாள். மூன்று நாளாக அவள் நோட்டுப் புத்தகத்தில் வயது, தீனி, தண்ணீர், வாங்கிய தேதி என்று எழுதிக்கொண்டிருந்தாள். இந்த ஒன்றை எழுதவில்லை. எந்த விஷமும் பேசத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டுக் கொல்லாது. அப்படியென்றால் பேசாத கிளிகளுக்கு மட்டும் யாரோ எதையோ கொடுத்திருக்கிறார்கள். பேசாத காரணத்தாலேயே கொடுத்திருக்கிறார்கள்.

அவள் கைக்குட்டையைப் பிரித்துக் கொய்யாத் துண்டைக் காட்டினாள். அடைக்கப்பன் அதைப் பார்த்தார், பிறகு தூங்குகிறவர்களைப் பார்த்தார். குரல் இன்னும் இறங்கியது.

"அது ஒன்னுமில்லம்மா. ஒரு நம்பிக்கை."

"சொல்லுங்க."

"நல்லாப் பேசுற கிளி கொத்துன பழத்துல ஒரு துண்டைப் பேசாத கிளிக்குப் போட்டா நாக்குத் திருந்தும்பாக. எங்க பக்கமும் உண்டு, காரைக்கால் பக்கமும் உண்டு. மூணு வெள்ளிக்கெழமை போடணும்."

"உங்க வீட்டுலயே ஒரு கிளி பேசுதே?"

"இதுக்கு ஒத்தைச் சொல்லுதானம்மா வருது. இது எச்சியைப் போட்டா அதுவும் முருகாவோட நின்னுபோகும். வாக்கியமாப் பேசுற கிளி வேணும்."

"யார் கொண்டுவந்து குடுத்தாங்க?"

"அபுல் ஹசன் பயதான். பேசாத கிளியை வித்துப்பிட்டியேடான்னு சத்தம் போட்டேன். மறுவாரமே இலையில மடிச்சுக் கொண்டாந்து குடுத்தான். கிளி வாங்குன எல்லா வீட்டுக்கும் குடுக்குறதாச் சொன்னான்."

"போலீஸ்ல ஏன் சொல்லலை?"

"எப்புடிம்மா சொல்ல? கிளி எச்சியை வாங்கிப் போட்டேன்னு சொன்னா, இந்தா படுத்திருக்காகளே, இவுக எல்லாரும் எந்திரிச்சு உக்காந்து சிரிப்பாக."

ஒன்பது வீட்டிலும் அதே வெட்கம்தான் வாயை அடைத்திருக்கிறது. மார்செலின் மனைவி தூங்கவில்லை என்பதும் லூசியேனுக்கு இப்போது புரிந்தது.

வெளியே வந்ததும் மைதீன் கடிவாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆனால் ஓட்டாமல் உட்கார்ந்திருந்தார். "மதாம், அவன் கழுத்துக் கயித்தை அறுக்கப் போனோம். நல்லா முறுக்கிக் குடுத்துட்டு வந்திருக்கோம். கிளிக்கு வினை வச்ச பழத்தைக் கொண்டுபோனவன் அவனேதான்."

"தெரியும். லாக்கப்புக்கு ஓட்டுங்க."

அபுல் ஹசனுக்கு இருபத்தாறு வயது. நான்கு நாளில் தாடி அரைகுறையாக வளர்ந்திருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றான், வந்தவர்களுக்குக் கொடுக்க நாற்காலி இல்லாததற்கு அவனே வருத்தப்படுகிறவன் போல.

"யார் வீட்டுக் கிளி கொத்தின பழம் அது?" என்று லூசியேன் கேட்டாள்.

அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. "என் கடைக் கிளி கொத்துனது."

"தம்பி," என்றார் மைதீன், "நேத்து உன் கடையில அரைமணி நேரம் நின்னேன். இருவது கிளி. என்னைப் பார்த்தா யாருக்கும் ஏதாவது சொல்லத் தோணும். ஒன்னுகூட வாயைத் தொறக்கலை. எல்லாம் காட்டுலேர்ந்து புதுசா வந்த குஞ்சு."

அபுல் ஹசன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"பழத்துலதான் வினைன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் லூசியேன்.

"இங்க வந்தப்புறம்தான் மதாம். வெளியில இருந்தவரைக்கும் கூண்டு கழுவ, தீனி போட, வீடு வீடா அலையன்னு ஓடிட்டிருந்தேன். இங்க சும்மா உக்கார வச்சாங்க. செத்ததையெல்லாம் ஒவ்வொன்னா எண்ணிப் பார்த்தேன்."

"அப்ப சொல்லேன். நோய்னு தெரிஞ்சா குத்தமே இல்லை. உன்னை விட்டுருவாங்க."

"ஆறு மாசம்தானே. இருந்துட்டுப் போறேன்." கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தபடி சொன்னான்: "உங்களை அனுப்பினவங்ககிட்ட முடியலைன்னு சொல்லிடுங்க மதாம்."

அந்த ஒரு வாக்கியத்தோடு லூசியேனுக்குத் தேடல் முடிந்துபோயிற்று. தன்னைக் காப்பாற்ற அக்கா அனுப்பிய ஆளிடம், தோற்றுப்போ என்று ஒருவன் கெஞ்சுகிறான் என்றால், அவன் யாரைக் காப்பாற்றுகிறான் என்று கேட்க வேண்டியதில்லை.

மணி மூன்று. மசூதிக்குப் பின்னால் இருந்த ஷரீஃபுன்னிசா வீட்டின் படிகளில் ஏறும்போது, அவள் தன் தவறையும் நினைத்துக்கொண்டாள். மூன்று நாளுக்கு முன் இங்கே வந்தபோது, உள்ளறையிலிருந்து ஒரு இளம்பெண் பேசுவதும் ஒரு ஆண் பதில் சொல்வதும் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டன. உறவுக்காரர்கள் என்று நினைத்தாள். வீட்டில் யார் யார் என்று கேட்டதற்கு, 'நான் மட்டும்தான்' என்றாள் ஷரீஃபுன்னிசா. இரண்டையும் லூசியேன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. களைத்த மனது கேட்டதைக் கேட்ட இடத்திலேயே போட்டுவிட்டு நடந்துவிடும்.

ஷரீஃபுன்னிசா பாய் விரித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். காற்றில்லாத அறையில் பேசுகிறவள் மாதிரி தணிந்த குரல்.

"தம்பி வந்துடுவானாம்மா?"

"வருவான். அதுக்கு உங்க கிளியை நான் பார்க்கணும்."

அவள் கேள்வி எதுவும் கேட்காமல் திரையை விலக்கினாள். மஞ்சள் கொண்டையுள்ள வெள்ளைக் கிளி, சாமான் நிறைந்த அறையில் ஜன்னலோரம் இருந்தது. இறகு பளபளத்தது. கண் தெளிவாக இருந்தது. இந்த ஊரிலேயே ஆரோக்கியமான பறவை அதுவாகத்தான் இருக்கும்.

"கல்யாணமான புதுசுல சிங்கப்பூர்லேர்ந்து என் வீட்டுக்காரர் கொண்டாந்தது," என்றாள் ஷரீஃபுன்னிசா. "ஜவுளி எடுக்கப் போனப்ப. புனோம்பென்னுல காய்ச்சல்ல மவுத்தாகி ரெண்டு வருஷம் ஆச்சு. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க. நான் முகம் பார்க்கலை."

"எல்லாருக்கும் இது பேசும்னு தெரியுமா?"

"பேசும்னு தெரியும். என்ன பேசும்னு யாருக்கும் தெரியாது. இந்த ரெண்டு மாசமாப் பழம் கேட்டு வந்தவங்களைத் திரைக்கு வெளிய உக்கார வச்சுப் பழத்தை மட்டும் குடுப்பேன். தம்பியும் வாங்கிட்டுப் போவான்."

லூசியேன் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், அலங்காரம் செய்ய அவளிடம் எதுவும் இல்லை. கிருமி இந்தக் கிளிக்குள் இருக்கிறது, இதை ஒன்றும் செய்யவில்லை, அலகு பட்ட பழத்தில் போய்விட்டது.

"நான் குடுத்த பழமா?"

"ஆமா."

"பதினொன்னுமா?"

"ஆமா."

ஷரீஃபுன்னிசா கூண்டின் அடித்தட்டில் சிந்தியிருந்த தினையை விரலால் ஒரு ஓரமாக ஒதுக்கினாள். "கேட்டவங்ககிட்ட இல்லைன்னு சொல்லத் தோணலைம்மா. அவங்க போனப்புறம் என்கிட்டக் கேக்குறதுக்கு இதைத் தவிர வேற எதுவும் யாருக்கும் இல்லை."

தெருவில் மைதீனின் குதிரை கனைத்தது. மைதீன் அதை ஏதோ திட்டினார்.

"இதை என்ன பண்ணுவாங்க?"

"ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போவாங்க. திருப்பித் தர மாட்டாங்க."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் வாயை மூடிட்டு உக்காந்திருக்கான்."

முடியாது என்று இவள் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு நினைவு லூசியேனுக்குள் வந்தது. வீட்டுக்குப் போகலாம், செருப்பைக் கழற்றலாம், ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுக்கலாம். அந்த நினைவைக் கண்டு அவள் வெட்கப்படவில்லை. வெட்கப்படாததுதான் சற்று உறுத்தியது.

ஷரீஃபுன்னிசா எழுந்து வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டாள். பிறகு கூண்டை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"அதை நானே தூக்கிட்டு வர்றேன்," என்றாள்.

கொமிசேரின் அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. நான்குக்குப் பத்து நிமிஷம். அரசாங்கக் காரியம் என்பதால் மொழிபெயர்க்க மார்செல் வந்து நின்றிருந்தார்.

"புகார் குடுத்தவரே மொழிபெயர்ப்பா," என்று மைதீன் லூசியேனின் காதருகே சொன்னார். "சமையக்காரனே சோத்துக்குச் சாட்சி."

கொமிசேர் லூசியேன் சொன்னதையெல்லாம் கேட்டார். மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினார். பறவையை அனுப்பினால் சோதித்து எழுதித் தருகிறேன் என்றார் மருத்துவர். ஆனாலும் கொமிசேர் பேனாவை வைக்கவில்லை.

"படித்த குடும்பங்கள், மதாம். நீதிமன்ற ஊழியர், வியாபாரிகள். ஒரு பறவையின் எச்சிலுக்காக இவர்கள் காத்திருந்தார்கள் என்கிறீர்கள். முசே மார்செல், இப்படி ஒரு நம்பிக்கை உண்டா?"

மார்செலின் கழுத்து சிவந்தது. "உண்டு, முசே," என்றார். சற்றுப் பொறுத்து, "என் வீட்டிலும்," என்றார்.

"அப்படியென்றால் இந்தப் பறவை அற்புதமாகப் பேச வேண்டும். பேசட்டும். நான் கேட்கிறேன்."

கிளி பேசவில்லை. அபுல் ஹசனைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். கூண்டைக் கண்டதும் அவன் முகம் மாறியது. கிளி அவனையும் பார்த்தது, விசிறியையும் பார்த்தது. மைதீன் வாசலிலிருந்து இரண்டு மொழியில் வணக்கம் சொல்லிப் பார்த்தார். கொமிசேர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது ஊமைப் பறவை," என்று காகிதத்தை முன்னால் இழுத்துக்கொண்டார்.

மார்செல் அதைத் தமிழில் சொன்னார். ஷரீஃபுன்னிசா கூண்டருகே ஒரு அடி வந்தாள்.

"அதுக்கு ஒரு குரல் வேணும்," என்றாள் லூசியேனிடம். "அந்தக் குரல்ல நான் பேசி நாளாச்சு."

அறையில் ஆறு ஆண்கள் இருந்தார்கள். அவள் துப்பட்டியின் ஓரத்தை முகத்தருகே பிடித்துக்கொண்டாள். ஒரு முறை தொண்டையைச் செருமினாள். வரவில்லை. இரண்டாவது முறை, துணிக்குள்ளிருந்து இருபது வயதுப் பெண்ணின் குரல் ஒன்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெளியே வந்தது.

"வந்துட்டீங்களா? சோறு வைக்கவா?"

கிளி தலையைச் சாய்த்தது. பிறகு கனத்த ஆண்குரலில், செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசுகிறவன் போல நிதானமாகச் சொன்னது:

"நீ முதல்ல தின்னியா, ஷரீஃபா? கதவைச் சாத்து. தூத்தல் உள்ள அடிக்குது."

வாசலில் நின்ற காவலர்கள் இரண்டு பேரும் யார் வந்தது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்லிற்று?" என்றார் கொமிசேர்.

பத்தொன்பது வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட விட்டதில்லை என்பது மார்செலின் பெருமை. கொலைகாரர்களின் வசவுகளையும் ஒன்று விடாமல் பிரெஞ்சில் சொன்னவர். அவர் துப்பட்டிக்குள் குனிந்திருந்த தலையைப் பார்த்தார்.

"வணக்கம் சொல்கிறது, முசே," என்றார் பிரெஞ்சில். "மிகவும் தெளிவான உச்சரிப்பு."

லூசியேனுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கொமிசேர் காகிதத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். இன்னொரு தாளை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு நான்கு வரி எழுதினார். ஒரு காவலர் வந்து கூண்டைத் தூக்கினார்.

"ஏன் லாத்தா?" என்றான் அபுல் ஹசன் அக்காவிடம். "ஆறு மாசம்தானே. நான் இருந்திருப்பேனே."

"அப்புறம் கப்பல்ல ஏத்துவாங்க. உன் பேச்சையும் இதுக்குச் சொல்லிக் குடுத்துட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கவா நான்?" அவளுடைய பழைய தணிந்த குரல் திரும்பியிருந்தது. "உசுரோட இருக்குறவனைக் கூண்டுக்குள்ள கேக்க என்னால ஆகாது."

கூண்டு நடைக்கூடத்தில் தூரமாகப் போயிற்று. திரும்பும் இடத்தில் கூண்டுக்குள்ளிருந்து அந்த இளம்பெண்ணின் குரல் மறுபடியும் கேட்டது. வந்துட்டீங்களா? சோறு வைக்கவா? பதில் குரல் வரும் நேரத்துக்குள் கதவு மூடிக்கொண்டது.

ஷரீஃபுன்னிசாவின் உதடு அசைந்ததை லூசியேன் பார்த்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. அவள் தம்பியின் அழுக்குச் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நட," என்றாள். "காலைலேர்ந்து தின்னலை. பசிக்குது."